துடிப்பை மிகுத்தல்

கணிப்பொறியின் செயலி தானே துடிப்பதன்று. அதற்குத் துடிப்பை நல்குவது தாய்ப்பலகை. அத்துடிப்பைச் செயலி தனக்குரிய ஓர் எண்ணாற் பெருக்கிக்கொண்டு இயங்கும். 1998ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனத்தார் வெளியிட்ட செலரான் 300ஏ என்னும் மலிவான செயலிக்கு அவ்வெண் 4.5. அதனை எவரும் மாற்றாதவாறு பூட்டியும் வைத்தனர். பலகையின் துடிப்போ 66 மெகாஹெர்ட்ஸ். அஃதாவது, நொடிக்கு ஆறு கோடியே அறுபது இலட்சத்திற்கும் மேற்பட்ட துடிப்புகள். இரண்டையும் பெருக்க, செயலியின் வேகம் 300 ஆயிற்று.

பெருக்கெண்ணை மாற்ற இயலாதெனின், பலகையின் துடிப்பை உயர்த்தலாமன்றோ? அதனை 100 ஆக்கியவர்கள் செயலியை 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டி மகிழ்ந்தனர். 440பிஎக்ஸ் என்னும் சில்லுத்தொகுதி அமைந்த பலகைகள் இதற்கு இடந்தந்தன. அதற்கு முந்திய 440எல்எக்ஸ் பலகைகள் 66க்கென்றே அமைந்தவை; அவற்றுட் சில 83 வரை ஏறும். அப்போது செயலி ஏறத்தாழ 375ஐ எட்டும்.

இடர் தோன்றுவது ஈண்டுத்தான். ஒரே தாளத்திற்கு ஆடுவார் பலர் உளர் என்பதை மறத்தலாகாது. வட்டு முதலியவற்றை இணைக்கும் பிசிஐ தடமும் அதே துடிப்பிற் பங்கு பெறுவது. அதற்குரிய அளவு 33. பிஎக்ஸ் பலகை 100ஐ மூன்றாற் பகுத்து அவ்வளவைக் காக்கும். எல்எக்ஸ் பலகையோ பாதியாக்க மட்டுமே வல்லது. 83இற் பாதி 41.5. செயலி அதனைப் பொருட்படுத்தாது. வட்டில் எழுதப்படுவன பிழைபடக்கூடும். செயலி வெப்பத்தால் தளர்ந்தால் பொறி நின்றுவிடும். நாமும் உடனே அறிவோம். வட்டின் பிழையோ, பன்னாள் கழித்து, காத்துவைத்த கணக்கைத் திறக்கும்போதுதான் வெளிப்படும். ஆதலின் அத்தகைய பலகையுடையார் 75 அளவில் நிற்றலே தகும். அப்போது தடத்தின் துடிப்பு 37.5. அதுவும் வட்டிலுள்ளவற்றை வேறிடத்திற் படியெடுத்து வைத்த பின்னரே.