கோபுரம் சாய்கிறதா? இலவச போட்டோ எடிட்டர்கள் இருக்கின்றன!

ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனால் கையில் இருப்பது கேமராவோ செல்போனோ, ஐம்பது படமாவது எடுக்காமல் திரும்ப மாட்டோம். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால்தான் வருத்தம். 11 நிலை ராஜகோபுரம் பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். தேர் இருட்டாக இருக்கும். வானம் வெள்ளையாக வெளுத்திருக்கும்.

உடனே பலரும் செய்வது, நண்பரிடம் கிராக் செய்த போட்டோஷாப் கேட்பது. அது வேண்டவே வேண்டாம். கிராக் பைலோடு வைரஸும் சேர்ந்து வந்தால், போட்டோக்களை ஒட்டுமொத்தமாக இழக்க வேண்டியிருக்கும். வீட்டு உபயோகத்துக்குப் போதுமான இலவச சாப்ட்வேர்கள் மூன்று உள்ளன.

முதலில் இர்பான்வியூ. போஸ்னியாவைச் சேர்ந்த இர்பான் ஸ்கில்ஜன் 1996-ல் வெளியிட்ட புரோகிராம் இது. சில எம்.பி. அளவுதான். பழைய கம்ப்யூட்டரிலும் கண் இமைக்கும் நேரத்தில் திறக்கும். படம் லேசாகச் சரிந்திருந்தால் கண்ட்ரோல் + யு அழுத்தி ஒரு டிகிரி, இரண்டு டிகிரி என்று திருப்பலாம். வேண்டிய பகுதியை மவுஸால் தேர்வு செய்து கண்ட்ரோல் + ஒய் அழுத்தினால் மற்றதெல்லாம் வெட்டப்படும். பி கீயை அழுத்தினால் தோன்றும் விண்டோவில் நூறு படங்களை ஒரே தடவையில் சிறிதாக்கலாம். புதியவர்கள் இதில் தொடங்குவதே நல்லது. ஆனால் ஒரு விஷயம். இது வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே இலவசம். ஸ்டூடியோ வைத்திருப்பவரும், பால்கோவா டப்பாவுக்கு லேபிள் தயாரிக்கும் கடைக்காரரும் இதைப் பயன்படுத்தினால் லைசென்ஸ் வாங்க வேண்டும்.

அடுத்தது பெயிண்ட் டாட் நெட். 2004-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் புராஜெக்டாக ஆரம்பித்தது. லேயர் வசதி உண்டு. மைக்ரோசாப்ட் ஸ்டோரில் இதற்குக் காசு கேட்பார்கள். கெட்பெயிண்ட் டாட் நெட் என்ற அதன் சொந்தத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது!

இதன் பயனைப் பார்க்க ராஜபாளையம் நாயைப் படம் எடுத்துப் பாருங்கள். 2005-ல் தபால் தலையிலேயே இடம்பிடித்த நாய் அது. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. கேமராவுக்கு வெள்ளை நாய் என்று தெரியாது. படம் முழுவதும் நாயே நிறைந்திருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்து எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடும். நாய் சாம்பல் நிறமாகத் தெரியும். இதைச் சரிசெய்வது சுலபம். கண்ட்ரோல் + எல் அழுத்தினால் லெவல்ஸ் டயலாக் பாக்ஸ் வரும். உள்ளீட்டுப் பக்கத்தில் வெள்ளை முனையைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள், வெள்ளை திரும்பிவிடும். ரோமம் தெரியாமல் போகும் அளவுக்கு இறக்கிவிடாதீர்கள். வண்ண அழுத்தத்தையும் அதிகம் கூட்டக் கூடாது, மூக்கு குங்குமம் பூசியது போலாகிவிடும். இருட்டான தோப்புக்கு முன்னால் நாயை நிறுத்தி எடுத்தால் கதை தலைகீழ். நாய் முழுதும் வெளுத்துப்போய் ரோமமே பதிந்திருக்காது. பதியாததை எந்த சாப்ட்வேரும் கொண்டுவர முடியாது.

சாய்ந்த கோபுரத்துக்கு வருவோம். அதற்கு ஏற்றது கிம்ப். பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் இருவரும் 1995-ல் தொடங்கியது. முற்றிலும் இலவசம், வியாபாரத்துக்கும் தடையில்லை. சுமார் 192 அடி உயர கோபுரத்தைக் கீழே நின்று அண்ணாந்து எடுப்பதால்தான் மேற்பகுதி குறுகிப் பின்னால் சாய்கிறது. ஷிப்ட் + பி அழுத்தி பெர்ஸ்பெக்டிவ் டூலை எடுத்து, படத்தின் மேல் மூலைகள் இரண்டையும் வெளிப்பக்கம் இழுங்கள். எவ்வளவு இழுப்பது? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கோபுரத்தின் ஓரங்களை நேராக்க முயலாதீர்கள். கோபுரம் இயல்பிலேயே மேலே போகப் போகக் குறுகுவது. பக்கத்தில் உள்ள விளக்குக் கம்பம் அல்லது வீட்டுச் சுவர் செங்குத்தாகும் வரை இழுத்தால் போதும். கோபுரம் குள்ளமாகத் தெரிந்தால் மேல் மூலைகளைச் சற்றே உயர்த்துங்கள். ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால், எடுக்கும்போதே சுற்றிலும் இடம் விட்டு எடுப்பது புத்திசாலித்தனம்.

கிம்பில் சேவ் கொடுத்தால் எக்ஸ்.சி.எப். பைலாகத்தான் சேமிக்கும். பிரிண்ட் போட ஜேபெக் வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட் கொடுக்க வேண்டும். முதல் நாளில் எல்லோரும் திணறும் இடம் இது!

பழைய டவுன்லோடு தளங்களில் இன்னமும் பிகாசா கண்ணில் படலாம். கூகுள் அதை 2016-லேயே நிறுத்திவிட்டது, புதிதாக நிறுவ வேண்டாம். அதேபோல் எந்த சாப்ட்வேரையும் அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். மற்ற தளங்களில் "டவுன்லோடு" என்று பளபளக்கும் பச்சைப் பட்டன் பெரும்பாலும் விளம்பரம்தான்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரிஜினல் மீது சேவ் செய்யாதீர்கள். ஜேபெக் படத்தை ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் தரம் கொஞ்சம் குறையும். வெட்டிய பகுதி போனது போனதுதான். தாத்தா பாட்டியின் கல்யாணப் படத்தை ஸ்கேன் செய்து வைத்திருப்பவர்கள் முதலில் அதைத் தனி போல்டரில் நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். ஒரு நகலைப் பென்டிரைவிலும் போட்டு வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும் என்பதால், பிரிண்ட் போடுபவருக்கு டாகுமெண்டாக அனுப்புங்கள்.