முப்பது லைஃப் எங்கே போனது?

பொத்தான் காலம் – 11

‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ ஃபைவ்’ 2013 செப்டம்பரில் வந்தது. அதில் உயிரை நிரப்பிக்கொள்ள சீட் கோட் உண்டு. துரத்துகிற போலீஸைக் குறைக்க உண்டு. ஆகாயத்திலிருந்து குதிக்க, நிலவில் ஓடுவதுபோல் கார் மிதக்க, குடித்தவன் மாதிரி தள்ளாட எல்லாவற்றுக்கும் உண்டு. பணத்துக்கு மட்டும் கிடையாது.

இதே வரிசையில் 2004-ல் வந்த ‘சான் ஆண்ட்ரியாஸை’ ஆடியவர்களுக்கு இது பெரிய அடி. பிளேஸ்டேஷன் 2-ல் பன்னிரண்டு பொத்தான்களை வரிசை பிசகாமல் அழுத்தினால் உயிர் நிரம்பும், கவசம் ஏறும், கூடவே 2,50,000 டாலர் கையில் விழும். கம்ப்யூட்டரில் அதற்கு ‘ஹெசோயாம்’ என்று அடித்தால் போதும். கன்சோல் எட்டாத நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு பிரௌசிங் சென்டர்தான் விளையாட்டுத் திடல். ஹெசோயாமையும், ‘வைஸ் சிட்டி’யில் டாங்கியை வரவழைக்கும் ‘பான்ஸரை’யும் கீபோர்டைப் பார்க்காமலேயே தட்டத் தெரிந்த ஒரு தலைமுறை இங்கே இருக்கிறது. ஆங்கிலப் பரீட்சையில் ஸ்பெல்லிங் தப்பியவன்கூட அங்கே ஓர் எழுத்தைத் தப்ப விட்டதில்லை.

பணக் கோட் ஏன் போனது என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கும். 2013 அக்டோபரில் ‘ஜிடிஏ ஆன்லைன்’ தொடங்கியது. அதில் நிஜக் காசு கொடுத்து கேம் காசு வாங்க ‘ஷார்க் கார்டு’ விற்றார்கள். விற்கிற சரக்கை யாராவது சும்மா கொடுப்பார்களா?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கதைப் பகுதியில் இருக்கும் பணம் வேறு, ஆன்லைனில் இருக்கும் பணம் வேறு. அங்கே கோடி சேர்ந்தாலும் இங்கே ஒரு சல்லி ஏறாது. கதைப் பகுதியில் கோட் போட்டு ஒருவன் பணக்காரனாவதால் ஷார்க் கார்டு வியாபாரம் நேரடியாகப் படுத்துவிடாது. காசாசைதான் சீட் கோடைக் கொன்றது என்ற கதையில் எனக்குள்ள சந்தேகம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. காசு கடைசியில் வந்த ஆள். அதற்கு முன்பே மதிப்பெண் வந்து பாதி உயிரை எடுத்துவிட்டது.

அந்தக் கணக்குக்குப் போகும் முன், இந்தக் கோடுகள் எதற்காக இருந்தன என்று பார்த்துவிடலாம். இவை ஆடுகிறவருக்காகப் பிறந்தவையே இல்லை. எட்டாவது லெவலில் ஒரு பாலம் சரியாக உடைகிறதா என்று பார்க்க, ஒவ்வொரு தடவையும் முதல் ஏழு லெவலை ஆடி முடித்துக்கொண்டிருந்தால் கேம் எப்போது கடைக்குப் போவது? அதனால் செய்கிறவர்கள் தங்களுக்கென்று ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டார்கள். 1983-ல் இங்கிலாந்தில் வெளியான ‘மேனிக் மைனர்’ கேமில் மேத்யூ ஸ்மித் ஓர் எண்ணை ஒளித்துவைத்தார். அதை அடித்தால் வேண்டிய குகைக்குத் தாவலாம். அது அவருடைய டிரைவிங் லைசென்ஸ் எண்ணிலிருந்து வந்தது என்று சொல்வார்கள்.

ஜப்பானில் கொனாமி நிறுவனத்தின் கஸுஹிசா ஹஷிமோட்டோ கதை இன்னும் பிரபலம். ‘கிரேடியஸ்’ என்ற ஆர்கேட் கேமை நின்டென்டோவின் வீட்டுக் கருவிக்கு மாற்றும் வேலை அவருக்கு. அது 1986-ல் வந்தது. சோதித்துப் பார்க்க வேண்டும், ஆனால் கேம் அவருக்கே கைவரவில்லை. மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ என்று அழுத்தினால் விண்கலத்துக்கு மொத்த ஆயுதமும் வந்து சேரும்படி எழுதிக்கொண்டார். எதேச்சையாக எந்தக் கையும் அழுத்திவிடாத வரிசை, அவருக்கு மட்டும் சுலபமாக நினைவிருக்கிற வரிசை. எடுத்துவிட மறந்துபோனார், கடைக்குப் போன பிரதியிலும் அது அப்படியே தங்கிவிட்டது. 1988-ல் அமெரிக்காவுக்கு வந்த ‘கான்ட்ரா’ இதே வரிசையை எடுத்துக்கொண்டு, மூன்று லைஃப் இருந்த இடத்தில் முப்பது கொடுத்தது. ‘கேசட்’ என்று நாம் அழைத்த கார்ட்ரிட்ஜ்கள் வழியாக கான்ட்ரா நம் வீட்டு டிவிக்கும் வந்தது. ஹஷிமோட்டோ 2020 பிப்ரவரியில் காலமானபோது எழுதப்பட்ட அஞ்சலிகளில் அவர் செய்த கேம்கள் பின்னால் நின்றன. அந்தப் பத்து அழுத்தல்கள்தான் தலைப்புக்கு வந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது 1996-ல் சேகா மெகா டிரைவுக்கு வந்த ‘சோனிக் 3டி பிளாஸ்ட்’ சங்கதி. ஆடிக்கொண்டிருக்கும்போது கார்ட்ரிட்ஜை ஓங்கித் தட்டினால், ரகசிய லெவல் தேர்வுத் திரையைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்ற பாராட்டோடு எல்லா லெவலும் திறக்கும். தட்டுவதே ஒரு சீட் கோட் என்று பிள்ளைகள் நம்பினார்கள். கேமை எழுதிய டிராவலர்ஸ் டேல்ஸ் நிறுவனத்தின் ஜான் பர்டன் பல வருடம் கழித்து உண்மையைச் சொன்னார். கேம் எங்கேயாவது நின்றுவிட்டால் சேகாவின் பரிசோதனையில் தேறாது. ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும் இந்தத் திரைக்குப் போய்விடும்படி எழுதிவிட்டார். தட்டியதில் இணைப்பு விட்டுப்போகும், கேம் குழம்பும், பரிசுத் திரை வரும். கோளாறைப் பரிசாக மாற்றிக் காட்டிய அந்தத் தைரியத்துக்கு ஒரு வணக்கம் வைக்கலாம்.

அதற்காக அந்தக் காலத்துக் கோடுகள் எல்லாம் அன்பளிப்பு என்று உருகவும் தேவையில்லை. 1993 செப்டம்பரில் ‘மார்ட்டல் காம்பாட்’ வீட்டுக் கருவிகளுக்கு வந்தபோது, நின்டென்டோ பதிப்பில் ரத்தத்துக்குப் பதில் சாம்பல் நிறத்தில் வியர்வைதான் தெறித்தது. சேகா பதிப்பிலும் முதலில் ரத்தம் தெரியாது, ஆனால் ஏ, பி, ஏ, சி, ஏ, பி, பி என்று அழுத்தினால் கொட்டும். பெற்றோருக்கு ஒரு முகம், பிள்ளைக்கு ஒரு முகம். சேகா பதிப்பு நன்றாக விற்றது. அந்த டிசம்பரிலேயே அமெரிக்க செனட்டில் விசாரணை நடந்தது, அடுத்த வருடம் கேம்களுக்கு வயதுத் தரச்சான்று தரும் அமைப்பு உருவானது. பத்திரிகைகளுக்கும் கோடுகள் நல்ல வியாபாரம். மாதம் பிறந்தால் பின்பக்கங்களில் கோடுகள் வரிசையாக வரும், அதற்காகவே வாங்குவார்கள். ‘கேம்ஃபேக்ஸ்’ இணையதளம் 1995-ல் தொடங்கிய பிறகு அந்தப் பிழைப்பு மெல்லக் கரைந்தது.

கோட் இல்லாத கேமுக்கும் கோட் செய்துகொடுக்க ஒரு கருவி வந்தது: ‘கேம் ஜீனி’. இங்கிலாந்தின் கோட்மாஸ்டர்ஸ் உருவாக்கி, அமெரிக்காவில் கலூப் என்ற பொம்மைக் கம்பெனி விற்றது. கார்ட்ரிட்ஜுக்கும் கன்சோலுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, கன்சோல் ஒரு குறிப்பிட்ட நினைவக இடத்தில் எண் என்ன என்று கேட்கும்போது வேறு எண்ணைச் சொல்லிவிடும். செத்தால் ஒரு லைஃபைக் கழி என்று கார்ட்ரிட்ஜில் இருக்கும். கழிக்காதே என்று கன்சோல் காதில் போய் விழும். கார்ட்ரிட்ஜில் ஓர் எழுத்தும் மாறாது. நின்டென்டோ வழக்குப் போட்டது, 1990-ல் விற்பனைக்குத் தற்காலிகத் தடையும் வாங்கியது. ஆனால் 1991-ல் வந்த தீர்ப்பும், 1992-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பும் கலூப் பக்கம். காசு கொடுத்து வாங்கியவர் தன் வீட்டில் தன் சந்தோஷத்துக்காக எப்படி ஆடினால் என்ன என்பது நீதிமன்றத்தின் பார்வை. விற்பனை முடங்கிய நாட்களுக்காக நின்டென்டோ 1.5 கோடி டாலர் கொடுக்க வேண்டியிருந்தது.

சட்டம் ஆடுகிறவர் பக்கம் நின்றது. அப்புறம் என்ன ஆயிற்று?

2005 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ‘எக்ஸ்பாக்ஸ் 360’ கன்சோலை வெளியிட்டது. அதில் ‘அச்சீவ்மென்ட்’ என்று ஒன்று சேர்த்தார்கள். இந்த எதிரியை வீழ்த்தினால் இத்தனை மதிப்பெண், இந்த லெவலை முடித்தால் இத்தனை. கடையில் வட்டாக விற்கும் ஒவ்வொரு கேமுக்கும் மொத்தம் 1,000 மதிப்பெண். எல்லா கேமிலும் வாங்கியதைக் கூட்டி உங்கள் பெயருக்குப் பக்கத்திலேயே ஊருக்குக் காட்டும். சோனியும் 2008-ல் பிளேஸ்டேஷன் 3-க்கு ‘டிராபி’ முறையைக் கொண்டுவந்தது, அடுத்த வருடத் தொடக்கத்தில் புதிய கேம்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது.

அதுவரை கோட் போட்டு ஜெயித்தால் அது உங்களுக்கும் உங்கள் டிவிக்கும் நடுவில் இருந்த விஷயம். இப்போது அது மதிப்பெண் பட்டியலில் மோசடி ஆகிவிட்டது. 2008-ல் குறுக்குவழியில் மதிப்பெண் ஏற்றிய ஆட்களைப் பிடித்து, மதிப்பெண்ணைச் சுழியாக்கி, கணக்கிலேயே ‘ஏமாற்றுக்காரர்’ என்று முத்திரை குத்தியது மைக்ரோசாஃப்ட். பிடிபட்டவர்கள் பெரும்பாலும் சேமிப்புக் கோப்புகளை நோண்டியவர்கள், கேமில் அனுமதிக்கப்பட்ட கோட் போட்டவர்கள் இல்லை. இருந்தாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

கேம் செய்கிறவர் இடத்திலிருந்து பாருங்கள். ஒரு கோட் வைத்தால் அது எந்தெந்த அச்சீவ்மென்ட்டைக் கெடுக்கும் என்று பட்டியல் போட வேண்டும். கோட் போட்டவருக்கு மதிப்பெண் போகாமல் தடுக்க வேண்டும். அந்தத் தடை சரியாக வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு மிஷனிலும் சோதிக்க வேண்டும். 2008-ல் ‘ஜிடிஏ ஃபோர்’ இப்படித்தான் சில கோடுகளுக்கு மட்டும் சில அச்சீவ்மென்ட்களை மறுத்தது. ஃபைவில் கோட் போட்டால் அந்த அமர்வு முழுக்க டிராபி கிடையாது. பழைய கேம்களில் இந்தக் கவலை எதுவும் இல்லை. சான் ஆண்ட்ரியாஸில் தெருவில் போகிறவர்களை எல்லாம் உங்கள்மேல் பாயவைக்கும் கோடைப் போட்டுச் சேமித்துவிட்டால், அந்த ஊர் அதற்குப் பிறகு அடங்கவே அடங்காது. அது உங்கள் தலைவிதி என்று விட்டுவிட்டார்கள். இன்றைக்கு அப்படி விட்டால் மறுநாளே பேட்ச் போடச் சொல்லிப் புகார் குவியும். இவ்வளவு வேலைக்கு, வைக்காமலே இருந்துவிடலாம் என்று பலர் முடிவு செய்ததில் ஆச்சரியமில்லை. செய்கிறவர்களுக்கும் இப்போது தனி ‘டெவ் கிட்’ கன்சோல் உண்டு. சோதனைக்கான குறுக்குவழிகள் அதற்குரிய பதிப்பிலேயே தங்கிவிடும், கடைக்குப் போகும் பதிப்பில் ஏறாது. ஹஷிமோட்டோவின் மறதிக்கு இடமே இல்லை.

இப்படிக் காலியான இடத்தில்தான் காசு வந்து உட்கார்ந்தது. 2006 ஏப்ரலில் ‘ஆப்லிவியன்’ கேமில் குதிரைக்குக் கவசம் இரண்டரை டாலருக்கு விற்றபோது ஊரே சிரித்தது. 2018-ல் ‘அசாசின்ஸ் க்ரீட் ஒடிசி’ வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. முழு விலை கொடுத்து வாங்கிய, தனியாளாக ஆடுகிற கேம். அதற்குள்ளே சுமார் பத்து டாலர் கொடுத்தால் அனுபவப் புள்ளிகள் நிரந்தரமாக ஐம்பது சதவீதம் கூடுதலாகச் சேரும். பழைய கணக்கில் இது சுத்தமான சீட் கோட். கேம் வேண்டுமென்றே இழுக்கப்பட்டதா, இதை விற்பதற்காகவே மெதுவாக்கப்பட்டதா என்று விமர்சகர்கள் அப்போதே சண்டை போட்டார்கள். நிரூபிப்பது கஷ்டம். ஆனால் அப்படி ஒரு சந்தேகம் ஆட்டத்துக்குள் நுழைந்ததே பெரிய நஷ்டம் என்று நினைக்கிறேன். கான்ட்ரா ஆடியவர் அது கஷ்டமாக இருப்பதற்கு ஆயிரம் காரணம் சொல்வார், கடையில் லைஃப் விற்கத்தான் கஷ்டமாக வைத்தார்கள் என்று மட்டும் சொல்ல மாட்டார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் பாவம். கோட் செய்த நல்ல வேலைகளில் பெரும்பகுதி இன்று செட்டிங்ஸ் பக்கத்துக்கு இடம் மாறியிருக்கிறது. 2018-ல் வந்த ‘செலஸ்ட்’ கேமின் உதவி முறையில் வேகத்தைக் குறைக்கலாம், சாகாமலே ஆடலாம். ‘கண்ட்ரோல்’ கேமில் 2020-ல் சேர்த்த உதவி முறையில் சாவை மொத்தமாகவே அணைத்துவிடலாம். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ பார்வை, கேட்டல், கை அசைவு ஆகியவற்றில் சிரமம் உள்ளவர்களுக்காக அறுபதுக்கும் மேற்பட்ட வசதிகளோடு வந்தது. இவற்றுக்கெல்லாம் ரகசிய வரிசை வேண்டாம், விஷயம் தெரிந்த நண்பன் வேண்டாம். வேகமாகப் பொத்தான் அழுத்த முடியாத ஒருவருக்குப் பழைய கோட், இன்னும் வேகமாகப் பொத்தான் அழுத்தச் சொன்னது என்பதையும் யோசித்துப் பார்க்கலாம்.

இடம் மாறாமல் தொலைந்தது கிறுக்குத்தனம். ‘கோல்டன்ஐ’ கேமில் கோட் போட்டால் காவலர்களின் தலை பானை சைஸுக்கு வீங்கும். ‘என்பிஏ ஜாம்’ வீரர்களும் அப்படியே. செட்டிங்ஸ் பக்கத்தில் ஒவ்வொரு வசதிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. பெருந்தலைக்கு என்ன நியாயம் சொல்ல முடியும்? டிராவலர்ஸ் டேல்ஸ்காரர்கள் மட்டும் விடாப்பிடி. 2022-ல் வந்த அவர்களுடைய ‘லெகோ ஸ்டார் வார்ஸ்: தி ஸ்கைவாக்கர் சாகா’விலும் கோட் அடிக்க ஒரு பெட்டி இருக்கிறது. ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ கேமிலும் கோடுகள் உண்டு, அவற்றில் சிலவற்றுக்கு முதலில் கேமுக்குள்ளேயே செய்தித்தாள் வாங்க வேண்டும். அதில் பணம் வரவழைக்கும் கோடின் வாசகம், பேராசை இனி நற்பண்பு என்று அறிவிக்கிறது. கிடைக்கும் தொகை வெறும் 500 டாலர்.

கேம் ஜீனியின் வாரிசுகளுக்கு என்ன கதி? இன்றைய கன்சோல்கள் கையொப்பமிட்ட மென்பொருளைத் தவிர வேறு எதையும் உள்ளே விடுவதில்லை, நடுவில் உட்கார இடமே கிடையாது. ஆனால் வழக்கு மட்டும் ஐரோப்பாவில் நடந்துகொண்டே இருந்தது. சோனியின் கைக்கருவியான பிஎஸ்பிக்கு டேட்டெல் நிறுவனம் ‘ஆக்‌ஷன் ரீப்ளே’ விற்றது. ‘மோட்டார்ஸ்டார்ம்’ பந்தய கேமில் டர்போ தீராமல் ஓட்டவும், பூட்டியிருந்த ஓட்டுநர்களைத் தேர்ந்தெடுக்கவும் அது வழிசெய்தது. சோனி ஜெர்மனியில் வழக்குப் போட்டது. அது நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது, 2024 அக்டோபர் 17 அன்று அங்கே தீர்ப்பு வந்தது. கேமின் நிரலைத் தொடாமல், ஓடும்போது நினைவகத்தில் இருக்கும் எண்களை மட்டும் மாற்றுவது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். பிஎஸ்பி விற்பனை நின்று அப்போது பத்து வருடம் ஆகியிருந்தது.

(தொடரும்)