முழுக் கோழிக்கு அவசரம் ஆகாது

நோன்பு மாதத்தில் சார்மினார் பக்கம் போகிறவர்கள், மண்ணடுப்பில் பெரிய அண்டா வைத்து ஹலீம் கிண்டுவதைப் பார்த்திருப்பார்கள். 2010-ல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பண்டம் விறகுத் தீயில் பல மணி நேரம் வேகிறது. ‘முர்க் முஸல்லம்’ என்னும் முழுக் கோழிக்கும் அதே நிதானம் வேண்டும்.

தயிரும் மசாலாவும் தடவி ஊறிய கோழியின் வயிற்றில், அவித்த முட்டையை வைத்துக் கட்டுகிறார்கள். மூடியைக் கோதுமை மாவால் ஒட்டி, கீழே தணல், மூடி மேலும் தணல். இதுதான் ‘தம்’. ஆவி வெளியேறாததால் கோழி தன் சாற்றிலேயே வேகும். நாட்டுக் கோழியானால் கெட்டி நார் இளக நேரம் பிடிக்கும். பிராய்லர் அவ்வளவு படுத்தாது.

காஸ் அடுப்பில் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் இடறுவது இங்கேதான். மேலே தணல் கிடையாது. அடி பிடித்துவிடும், தொடைச் சந்து வேகாமல் நிற்கும். பாத்திரத்தின் அடியில் கனத்த தோசைக்கல் வைத்து, நடுவில் ஒரு முறை கோழியைத் திருப்பிப் போட்டு, மறுபடி மாவால் ஒட்டலாம். தொடையின் கனத்த பாகத்தில் சூடு 74 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும். இல்லாவிட்டால் கிருமிகள் பிழைத்துக்கொள்ளும். குளிர்பெட்டியில் உறைந்த கோழியை முழுக்க இளகவிடாமல் அடுப்பேற்றினாலும் இதே வினைதான்.