அடிக்கு ஒரு பல்பு: வீட்டு விளக்கு அலங்காரத்தின் வரவுசெலவு

நியூயார்க் ராக்கெஃபெல்லர் சென்டரில் ஆண்டுதோறும் நிறுத்தும் கிறிஸ்துமஸ் மரத்தில் 50,000-க்கும் மேற்பட்ட எல்இடி விளக்குகள் எரிகின்றன. அவற்றுக்கு ஓடும் வயர் சுமார் 5 மைல், அதாவது 26,400 அடி. வகுத்துப் பார்த்தால் விளக்குக்கு விளக்கு 6 அங்குலத்துக்குச் சற்று மேல். 2007-இல் அந்த மரம் குண்டு பல்பிலிருந்து எல்இடிக்கு மாறியபோது ஒரு நாள் மின்செலவு 3,510 யூனிட்டிலிருந்து 1,297 யூனிட்டாக இறங்கியது. வீட்டுக் கூரையில் சரம் கட்டுகிறவருக்கும் இந்த இரண்டு எண்கள்தான் கணக்கின் தலை: இடைவெளி எவ்வளவு, பல்புக்கு எத்தனை வாட். மற்றதெல்லாம் பெருக்கல்.

கணக்குக்கு ஓர் அமெரிக்கப் புறநகர் வீட்டை எடுத்துக்கொள்வோம்.

அளவு
முன்பக்கக் கூரை விளிம்பு: 40 அடி
இரு சரிவு விளிம்புகள், தலா 18 அடி: 36 அடி
வராந்தா கைப்பிடி: 24 அடி
நடைபாதையின் இரு ஓரங்கள், தலா 25 அடி: 50 அடி
மொத்தம்: 150 அடி

அங்கே கூரைக்குப் பெரும்பாலும் போடுவது ‘சி9’ என்ற பெரிய பல்பு. பழைய குண்டு பல்பாக இருந்தால் 7 வாட். எல்இடியாக இருந்தால் பெரும்பாலும் 1 வாட்டுக்குள். கணக்குக்கு முழு 1 வாட் என்றே வைப்போம்.

பல்பும் வாட்டும்
15 அங்குல இடைவெளி: 120 பல்பு, குண்டு பல்பில் 840 வாட், எல்இடியில் 120
12 அங்குலம்: 150 பல்பு, 1,050 வாட், 150
6 அங்குலம்: 300 பல்பு, 2,100 வாட், 300

அமெரிக்க வீட்டில் சாதாரண சர்க்யூட் 120 வோல்ட், 15 ஆம்பியர்; அதாவது 1,800 வாட். மணிக்கணக்கில் தொடர்ந்து எரியும் சுமைக்கு அதில் 80 சதவீதம்தான் பிடிக்கலாம்: 1,440 வாட். 6 அங்குலத்தில் குண்டு பல்பு கட்டினால் பிரேக்கரின் முழு அளவையும் தாண்டிவிடும். 12 அங்குலத்தில் கட்டினால் 1,440-இல் முக்கால் பங்கு தீர்ந்துவிடும். அதே சர்க்யூட்டில் யாராவது வேக்வம் கிளீனரைப் போட்டால் அந்த சர்க்யூட் முழுக்க இருட்டு. நம் ஊர் 230 வோல்ட்டில் 1,050 வாட் இழுப்பது 4.6 ஆம்பியர்; 120 வோல்ட்டில் 8.75. வயரைச் சூடாக்குவது இந்த ஆம்பியர்தான்.

வயர்
சி9 சரத்துக்குப் பயன்படும் இரட்டை வயர் பொதுவாக 18 கேஜ். ஆயிரம் அடிக்குச் சுமார் 6.4 ஓம் மின்தடை. 150 அடியையும் ஒரே சரமாக்கி ஒரு முனையில் பிளக் போட்டால் போக வர 300 அடி, 1.92 ஓம். வழியெங்கும் பல்புகள் மின்சாரத்தைப் பிரித்துக்கொள்வதால் கடைசிப் பல்பில் விழும் இழப்பு இதில் பாதியைக் கொண்டு கணக்கிடப்படும்: சுமார் 8.4 வோல்ட், 7 சதவீதம். குண்டு பல்புக்கு 7 சதவீத வோல்ட் குறைந்தால் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். கடைக்கோடிப் பல்பு மங்கித் தெரிவது இதனால்தான்.

அதே சரத்துக்கு நடுவில் மின்சாரம் கொடுங்கள். பக்கத்துக்கு 75 அடி, 4.4 ஆம்பியர். நீளமும் பாதி, மின்னோட்டமும் பாதி. ஆகவே இழப்பு கால் பங்கு: 2.1 வோல்ட். கூடுதல் வயர் தேவையில்லை, பிளக் இடம் மாறினால் போதும். எல்இடி என்றால் ஒரு முனையில் கொடுத்தாலும் இழப்பு 1.2 வோல்ட்தான்.

பிளக்கை நாமே குத்திப் பொருத்தும்போது வயர்மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் நெடுக மெல்லிய வரிகள். வரியுள்ளது நியூட்ரல், அது பிளக்கின் அகலமான தகட்டுக்குப் போக வேண்டும். மாறினால் ஹோல்டரின் திருகு மரையிலேயே மின்சாரம் நிற்கும். பல்பு மாற்றும் விரல் அதைத் தொடும். வெளிப்புறப் பிளக் பாயிண்டில் கசிவு சுமார் 5 மில்லிஆம்பியரைத் தொட்டால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு அமைப்பு அங்கே கட்டாயம். மழையில் நனைந்த இணைப்புகளின் சிறுசிறு கசிவுகளும் கூடி அதைத் தட்டிவிடும். தரையில் கிடக்கும் இணைப்புகளைத் தூக்கிக் கட்டுவதே மருந்து.

மின்கட்டணம்
அமெரிக்கத் தமிழர் பலர் தீபாவளிக்குக் கட்டிய சரத்தைப் புத்தாண்டு வரை இறக்குவதில்லை. 2025-இல் தீபாவளி அக்டோபர் 20. அன்றிலிருந்து டிசம்பர் 31 வரை 73 இரவுகள். பண்டிகை அலங்காரத்தின் தற்காலிக வயரிங்குக்கு அமெரிக்க மின்விதி தரும் 90 நாளுக்குள் இது அடங்கும். இரவுக்கு 6 மணி நேரம் என்றால் 438 மணி. யூனிட் 17 சென்ட் என்று வைத்தால், 12 அங்குல இடைவெளியில்:
குண்டு பல்பு: 460 யூனிட், 78 டாலர்
எல்இடி: 66 யூனிட், 11 டாலர்

எல்இடி வந்தபின் பிரேக்கரும் கட்டணமும் கையைக் கட்டுவதில்லை. 6 அங்குலத்தில் 300 பல்பு போட்டாலும் 22 டாலர்தான். ஆனால் 150 பல்பு கூடினால் 150 ஹோல்டர், 150 கிளிப், ஏணியில் 150 முறை கை நீட்டல். இதற்குப் பதில் பார்க்கும் தூரத்தைக் கணக்கில் சேர்க்கலாம். 50 அடி தள்ளித் தெருவில் நிற்பவர் கண்ணுக்குக் கூரையின் 12 அங்குலம், 25 அடியில் நிற்பவருக்கு 6 அங்குலம் தெரிவதுபோலவே தெரியும். எனவே நெருக்கம் தேவைப்படுவது வாசலுக்கு வருகிறவர் கிட்டத்தில் பார்க்கும் வராந்தாக் கைப்பிடிக்கு மட்டும். 126 அடிக்கு 12 அங்குலம், கைப்பிடியின் 24 அடிக்கு 6 அங்குலம்: மொத்தம் 174 பல்பு, 1.45 ஆம்பியர், பருவத்துக்கு 13 டாலர். உதிரியாக 5 சதவீதம் சேர்த்து 183 வாங்கினால் கணக்கு முடிந்தது.