யானையின் புள்ளியும் ஸ்லைடின் தூசியும்

வயதான ஆசிய யானையின் காதோரத்திலும் தும்பிக்கையிலும் நிறம் வெளிறி, இளஞ்சிவப்புத் தோலில் கரும்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். முதுகில் மெல்லிய ரோமம் நிற்கும். தெப்பக்காடு முகாமில், மோயாற்றில் குளித்துக் கரையேறும் யானையை நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். அப்படியொரு யானையின் பழைய வண்ண ஸ்லைடை இன்று ஸ்கேன் செய்தால் குழப்பம்தான். ஒட்டியிருக்கும் தூசி ஒளியை மறைத்துத் திரையில் கரும்புள்ளியாக விழுகிறது. நூலிழை ரோமம்போலத் தெரிகிறது.

ஸ்லைடின் அளவு 36×24 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 4000 பிக்சல் வீதம் ஸ்கேன் செய்தால் ஒரு பிக்சல் சுமார் 6 மைக்ரான். 50 மைக்ரான் துகள் எட்டு பிக்சல் அகலத்தை அடைத்துக்கொள்ளும். மென்பொருளின் தூசி வடிகட்டியைப் படம் முழுவதும் ஓட்டினால் தூசியோடு ரோமமும் தோல் சுருக்கமும் மழுங்கிப்போகும். மூலப் படத்தின் மீது அதைச் செய்யவே கூடாது.

இதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது. வண்ண ஃபிலிமின் சாயங்கள் அகச்சிவப்புக் கதிரைப் பெரும்பாலும் தடுப்பதில்லை, தூசி தடுக்கும். ஸ்கேனர் சிவப்பு, பச்சை, நீலத்தோடு அகச்சிவப்பிலும் ஒருமுறை பதிவு செய்தால், அந்தப் பதிவில் யானை ஏறக்குறைய மறைந்து தூசி மட்டும் நிற்கும். அந்த இடங்களை மட்டும் அக்கம்பக்கத்து நிறத்தால் நிரப்பினால் போதும். 'டிஜிட்டல் ஐஸ்' என்னும் ஸ்கேனர் தொழில்நுட்பம் செய்வது இதைத்தான்.

கோடாக்குரோம் ஸ்லைடில் மட்டும் கவனம் வேண்டும். அதன் சாயம் அகச்சிவப்பைக் கொஞ்சம் தடுப்பதால், யானையின் கருத்த உடலையே கருவி தூசி என்று நினைத்துவிடலாம். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இந்த வழி செல்லவே செல்லாது. அதில் படமாக நிற்கும் வெள்ளியே கதிரை மறைக்கும்.

அங்கெல்லாம் கைவேலைதான். ஸ்லைடுக்கு, தூசி வடிகட்டி ஓட்டிய நகலை மூலப் படத்தின் மேலடுக்காக 'லைட்டன்' கலப்பு முறையில் வைத்து முழுவதும் மறைத்துவிடுங்கள். பிறகு நூறு சதவீத அளவில் பார்த்து, தூசி உள்ள இடத்தில் மட்டும் தூரிகையால் திறந்துவிடுங்கள். கூர்மையேற்றுவது கடைசி வேலை. முன்பே செய்தால் தூசியின் விளிம்பும் கூர்மையாகிவிடும்.

ஸ்கேனுக்கு முன் ரப்பர் ஊதியால் ஊதுங்கள், வாயால் வேண்டாம். மலை ஈரத்தில் பூஞ்சை பிடித்த ஸ்லைடைத் தண்ணீரால் துடைக்காதீர்கள். பூஞ்சை அரித்த ஜெலட்டின் கரைந்து படமே போய்விடும். அகச்சிவப்புப் பதிவோடு கூடிய முதல் ஸ்கேனை அப்படியே தனியாகச் சேமித்து வையுங்கள். திருத்தம் பிசகினால் மறுபடி தொடங்க அதுதான் வேண்டும்.