பிரேக் இல்லாப் பந்தயம்

ஸ்பீட்வே மோட்டார் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது, கியரும் ஒன்றே. 500 சி.சி. எஞ்சின், எரிபொருள் மெதனால். நால்வர் மண்பாதையில் நான்கு சுற்று ஓட்டுவர். வளைவுகளில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டே திரும்புவர். (மையநோக்கு விசையை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் பௌதிக வகுப்பில் கிடைக்குமா?)

1981இல் லண்டன் வெம்பிளியில் உலக இறுதிப் போட்டியைக் காண ஏறத்தாழ 90,000 பேர் கூடினர். இன்றோ பிரிட்டனின் அரங்குகளில் நரைத்த தலைகளே மிகுதி. விறுவிறுப்புக் குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் பந்தயம் ஒரு நிமிடம். அடுத்ததற்குக் காத்திருப்பது பல நிமிடம். வுல்வர்ஹாம்ப்டன் நகரிலோ 2023உடன் பந்தயமே நின்றுபோயிற்று. கண்ணால் காணாத சிறுவன் எப்படி ரசிகனாவான்?

250 சி.சி. வண்டிகளில் சிறுவர்க்கும் உலகப் போட்டி நடத்துகிறார்கள். எனக்கு நம்பிக்கை தருவது அதுதான்: ஓட்டுகிற பையனைப் பார்க்க அவன் வகுப்புத் தோழர்கள் வருவார்கள்.