கடையின் பாஸ்வேர்ட் யாருடைய கையில்?

யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதியிலோ கஸ்தூரியார் வீதியிலோ ஓரளவு நடக்கும் ஒரு ஹாட்வெயார் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு ஊழியர்கள். பில் போட ஒரு மென்பொருள், கணக்கு எழுத இன்னொன்று, ஸ்டொக் பார்க்க கூகுள் ஷீட், கொம்பனிகளுக்கு ஓடர் அனுப்ப ஈமெயில், விளம்பரத்துக்கு பேஸ்புக் பக்கம், படங்களும் ரசீதுகளும் போட்டு வைக்க இன்னுமோர் இடம். இவற்றில் பெரும்பாலானவை இன்று கடைக் கொம்பியூட்டருக்குள் இல்லை. 'கிளவுட்' என்று சொல்லப்படும், எங்கோ தொலைதேசத்தில் இருக்கும் பெரிய கொம்பியூட்டர்களில்தான் ஓடுகின்றன. ஆறு இடம், எட்டுப் பேர் என்றால் ஐம்பதுக்குச் சற்றுக் குறைவாக பாஸ்வேர்ட்கள் இருக்க வேண்டும். நமது கடைகளில் இருப்பதோ ஒன்றே ஒன்று. கடையின் பெயர், அதற்குப் பின்னால் 123. அதுவும் காசாளர் மேசைக் கண்ணாடிக்குக் கீழே எழுதி வைக்கப்பட்டிருக்கும். "நானா, பாஸ்வேர்ட் என்ன?" என்று பையன் கேட்டால், வாடிக்கையாளர் நிற்கும்போதே முதலாளி உரத்துச் சொல்லுவார்.

ஓர் ஊழியர் விலகிப் போகும்போது கடைச் சாவியை வாங்குகிறோம், மோட்டார் சைக்கிளை வாங்குகிறோம். பாஸ்வேர்டை எப்படித் திருப்பி வாங்குவது? அதைவிட மோசமானது, கடையின் கணக்கு மென்பொருளை ஆரம்பத்தில் திறந்து தந்ததே கொம்பியூட்டர் தெரிந்த அந்தப் பையன்தான் என்பது. தன் சொந்த ஜீமெயிலைப் போட்டுத் திறந்திருப்பான். பாஸ்வேர்டை மாற்றினால் வரும் இரகசிய இலக்கம் அவனுடைய தொலைபேசிக்குத்தான் போகும். அவன் கட்டாருக்குப் போய்விட்டால், சட்டப்படி அந்தக் கணக்கு யாருடையது என்று மென்பொருள் கொம்பனியிடம் எழுதிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். பையன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. அவன் நல்லவனாக இருந்தாலும் இதே நிலைதான்.

இந்த விடயம் வடக்கு முஸ்லிம் வர்த்தகர்களுக்கு மற்றவர்களை விடவும் முக்கியமானது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, கடைகளோடு கணக்குப் புத்தகங்களும் அங்கேயே கிடந்தன. யாரிடம் எவ்வளவு வரவேண்டும் என்பது மனதில் இருந்ததே தவிர காகிதத்தில் இல்லை. இன்று திரும்பி வந்து தொழில் செய்பவர்களில் பலருக்கு வீடு புத்தளத்தில், கடை யாழ்ப்பாணத்தில், கொள்வனவு கொழும்பில். இப்படி மூன்று ஊரில் கிடக்கும் வியாபாரத்துக்கு கிளவுட் ஓர் அருட்கொடைதான். கணக்கு ஒரு அலுமாரிக்குள் அடைபட்டிருக்காது. ஆனால் அலுமாரிச் சாவி நமது மடியில் இருந்தது. இதன் சாவி யாரிடம் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாதவர்களே அதிகம்.

இதற்கு உலகம் கண்டுபிடித்த வழிக்கு 'சிங்கிள் சைன் ஒன்' என்று பெயர். தமிழில் ஒற்றை உள்நுழைவு என்று எழுதுகிறார்கள். அது என்னவென்று விளங்கிக்கொள்ள நமது தொழிலே போதும். கொழும்பு நான்காம் குறுக்குத் தெரு மொத்த வியாபாரி லொறிக்காரரிடம் ஒரு சிட்டை கொடுத்துவிடுகிறார். ஸ்டோரில் இருப்பவருக்கு லொறிக்காரரைத் தெரியாது. சிட்டையில் இருக்கும் கையெழுத்தைத் தெரியும். கையெழுத்து சரி, திகதி இன்றையது, தன் ஸ்டோருக்குத்தான் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சாமானை ஏற்றிவிடுகிறார். ஒற்றை உள்நுழைவும் இதேதான். ஊழியர் கணக்கு மென்பொருளைத் திறந்தால், அது அவரிடம் பாஸ்வேர்ட் கேட்பதில்லை. கடை நம்பும் ஒரே இடத்துக்கு அவரை அனுப்புகிறது. அந்த இடம் ஆளைச் சரிபார்த்து, தன் டிஜிட்டல் கையெழுத்துப் போட்ட ஒரு சிட்டையுடன் திருப்பி அனுப்புகிறது. சிட்டைக்கு ஆயுள் சில நிமிடங்கள்தான். பில் மென்பொருளும் ஈமெயிலும் ஸ்டொக்கும் எல்லாம் அந்த ஒரே கையெழுத்தை நம்புகின்றன. பாஸ்வேர்ட் ஒன்றுதான், அதுவும் ஆளுக்கு ஒன்று. ஒருவர் விலகினால் ஓர் இடத்தில் அவருடைய பெயரை நிறுத்தினால் போதும், புதிய சிட்டை எதுவும் அவருக்குக் கிடைக்காது.

இது புதிய சங்கதி அல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1980களிலேயே 'கெர்பரோஸ்' என்ற பெயரில் இந்த யோசனை நடைமுறைக்கு வந்தது. இன்று கொம்பனிகள் பாவிக்கும் 'சாமல்' முறையின் இரண்டாம் பதிப்பு 2005இலும், 'ஓபன் ஐடி கனெக்ட்' 2014இலும் வெளியாகின.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பல இணையத்தளங்களில் 'கூகுளால் உள்நுழைக' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் வேலை முடிந்துவிடுகிறதே, இதற்கு ஏன் இவ்வளவு கதை என்று கேட்பீர்கள். பொத்தான் அதேதான், ஆனால் அதை அழுத்துபவரின் ஜீமெயில் யாருடையது? சொந்த ஜீமெயில் என்றால் சிட்டை எழுதும் அதிகாரம் கடைக்கு இல்லை, பையனுக்குத்தான் இருக்கிறது. கடைக்கென்று ஒரு டொமைன் பெயர் எடுத்து, அதில் ஈமெயில் அமைத்து, அதன் நிர்வாகம் முதலாளியின் கையில் இருந்தால்தான் அதிகாரம் கடைக்கு வரும். ஆகவே முதல் வேலை மென்பொருள் வாங்குவது அல்ல. டொமைன் பெயரைக் கடையின் பெயரில், அல்லது உரிமையாளரின் பெயரில் பதிவதுதான். டொட் எல்.கே. பெயர்களை எல்.கே. டொமைன் ரெஜிஸ்ட்ரி தருகிறது. 2010 முதல் தமிழிலேயே டொட் இலங்கை என்றும் எடுக்கலாம், அதை எத்தனை கடைகள் எடுத்திருக்கின்றன என்பது வேறு கதை. வெப்சைட் செய்து தருபவர் தன் பெயரில் பதிந்துவிட்டு 'நான் பார்த்துக்கொள்கிறேன் நானா' என்றால் சம்மதிக்க வேண்டாம். காணி வாங்கும்போது உறுதியை புரோக்கரின் பெயரிலா எழுதுகிறோம்?

அடுத்தது எந்தக் கொம்பனியிடம் போவது. கூகுள் வேர்க்ஸ்பேஸ், மைக்ரோசொஃப்ட் இரண்டும் இந்தச் சிட்டை எழுதும் வேலையைச் செய்கின்றன. மைக்ரோசொஃப்ட் தன்னுடையதற்கு 2023இல் 'என்ட்ரா' என்று பெயர் மாற்றியது. நமக்குப் பக்கத்தில் தமிழ்நாட்டில் ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் 1996இல் தொடங்கிய கொம்பனி இன்று ஸோஹோ. தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்துகொண்டு உலகத்துக்கு மென்பொருள் விற்கிறது. கணக்கு, ஸ்டொக், ஈமெயில், சம்பளம் எல்லாவற்றையும் ஒரே கட்டாக 2017இல் 'ஸோஹோ வன்' என்று கொடுத்தார்கள். ஒரே கொம்பனியின் பொருட்கள் என்பதால் ஒரே உள்நுழைவு இயல்பாகவே வந்துவிடுகிறது. பத்துப் பேருக்குக் குறைந்த கடைக்கு, நாலு கொம்பனியின் மென்பொருளை வாங்கி ஒட்டவைப்பதைவிட ஒரே கட்டாக எடுப்பதுதான் என் பார்வையில் புத்தி. எல்லா முட்டையும் ஒரே கூடையில் என்று சிலர் சொல்வார்கள். சிறு கடைக்கு நாலு கூடை தூக்க ஆள் இல்லை.

ஒட்டவைக்கத்தான் வேண்டும் என்பவர்கள் விலையை நன்றாகப் பார்க்க வேண்டும். பல மென்பொருள் கொம்பனிகள் ஒற்றை உள்நுழைவு வசதியைச் சாதாரணப் பொதியில் தருவதில்லை. பெரிய கொம்பனிகளுக்கான விலை கூடிய பொதியில்தான் வைத்திருக்கின்றன. பாதுகாப்புக்குப் போடும் வரி என்று மேல்நாடுகளிலேயே இதைக் கண்டிக்கிறார்கள். நமக்கு இது டொலரில் வேறு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது நினைவிருக்கும். மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு டொலர் என்று ஒப்பந்தம் போட்டவர்களின் பில் ஒரே எட்டில் எங்கே போனது என்று கணக்குப் பாருங்கள்.

சரி, ஒரே சாவி திருட்டுப் போனால்? நியாயமான கேள்வி. இந்தத் தொழிலிலேயே பெரிய பெயர் பெற்ற அமெரிக்காவின் ஒக்டா கொம்பனிக்கு 2023 செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் இதுதான் நடந்தது. அவர்களது வாடிக்கையாளர் சேவைப் பகுதிக்குள் திருடர்கள் நுழைந்து 134 வாடிக்கையாளர்களின் கோப்புகளைப் பார்த்துவிட்டார்கள். காரணம் என்னவென்று கொம்பனியே சொன்னது: ஊழியர் ஒருவர் கொம்பனி லெப்டொப்பில் தன் சொந்த கூகுள் கணக்கைத் திறந்திருந்தார், கொம்பனியின் பாஸ்வேர்ட் அந்தச் சொந்தக் கணக்கில் போய்ச் சேமிக்கப்பட்டிருந்தது. பூட்டு விற்பவனுக்கே இந்தக் கதி. எனவே பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாவது சோதனை கட்டாயம். எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் இலக்கத்தை விட தொலைபேசியில் போடும் 'ஒதென்டிகேட்டர்' நல்லது. முதலாளிக்கும் கணக்காளருக்கும் யூ.எஸ்.பி. போல் செருகும் பாதுகாப்புச் சாவி அதைவிட நல்லது.

இன்னொன்று, பலரும் விட்டுவிடும் இடம். ஒற்றை உள்நுழைவை அமைத்த பிறகும் சில மென்பொருட்களில் பழைய பாஸ்வேர்ட் வழி திறந்தே கிடக்கும். முன்கதவுக்குப் பெரிய பூட்டுப் போட்டுவிட்டு பின்கதவைச் சாத்தாமல் விடுவதுபோல. அமைத்துத் தருபவரிடம் அதை மூடச் சொல்லி, உங்கள் கண் முன்னாலேயே பழைய பாஸ்வேர்டால் நுழைந்து பார்க்கச் சொல்லுங்கள். விலகிய ஊழியரின் கணக்கை அவசரப்பட்டு அழிக்கவும் வேண்டாம், இடைநிறுத்துங்கள், ஏற்கனவே திறந்திருக்கும் இடங்களிலிருந்து வெளியேற்றுங்கள். கூகுள் வேர்க்ஸ்பேஸில் அழித்த பயனரை 20 நாட்களுக்குள்தான் மீட்கலாம், அதற்குப் பிறகு அவருக்கு வந்த ஓடர் கடிதங்களும் போய்விடும். யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவையும் மாதம் ஒருமுறை பாருங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதுங்கள், சாட்சி வையுங்கள் என்பது சூரா அல்பகறாவின் 282ஆம் வசனத்தில் நமக்கு வந்த கட்டளை. ஒரே பாஸ்வேர்டில் எட்டுப் பேர் நுழையும் கடையில் ஒரு பில்லை அழித்தது யார் என்பதற்குச் சாட்சியே கிடையாது. அப்பாவியின் மேல் சந்தேகம் விழுவதும் அங்கேதான்.

சாவி சரியாக இருந்தால் சாமான் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். 2023 ஓகஸ்ட் 26இல் இலங்கை அரசாங்க கிளவுட் மீது நடந்த கப்பத் தாக்குதலில் ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளின் மே 17 தொடக்கமான கடிதங்கள் அழிந்தன. அந்தக் காலத்துக்குப் பிரதி எடுத்து வைக்கப்படவில்லை. அரசாங்கத்துக்கே இப்படி என்றால், கடைக் கணக்கை மாதம் ஒருமுறை இறக்கி ஒரு ஹாட் டிஸ்கில் வைப்பது பெரிய வேலையா?

கடைசியாக, யாரும் பேச விரும்பாத ஒன்று. தலைமை நிர்வாகி கணக்கு முதலாளியிடம் மட்டும் இருந்து அவர் திடீரென வபாத்தானால், வாரிசுகள் பங்கு பிரிப்பதற்கு முன் கடன்களைத் தீர்க்க வேண்டும். கடன் விபரம் கணக்குக்குள், கணக்கு பூட்டுக்குள். எனவே தலைமை நிர்வாகிகள் இருவர் இருக்கட்டும், மூத்த மகனோ கூட்டாளியோ. மீட்பு இலக்கங்களை அச்சடித்து, உறையில் ஒட்டி, இருவர் கையெழுத்துடன் இரும்புப் பெட்டியில் வையுங்கள். உறை எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள்.